தலைக்கு வைத்த சட்டை

நான் துவைத்த துணியில் அழுக்கு இருந்தது என்று இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. வேண்டுமானால் முதலாளியம்மாவையே கேட்டுப் பாருங்கள். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை.

என் கணவர் முதலாளியின் பட்டறையில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிறவர். வேலைச் சட்டையோடுதான் வீட்டுக்கு வருவார். என் மகளுக்கு அப்பாவின் வாசனை இல்லாமல் தூக்கம் வராது. அதனால் அந்தச் சட்டையைச் சுருட்டி அவள் தலைக்கு வைப்பேன். அதன் நுனியைச் சப்பிக்கொண்டே தூங்கிவிடுவாள். இப்படிப் படுத்தாத குழந்தை உண்டா என்று பக்கத்து வீட்டுக்காரிகூடக் கண் வைத்தாள்.

வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த என் மகள் ஒவ்வொரு சொல்லாக மறந்தாள். காரணமில்லாமல் வீறிட்டாள், சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். பிறகு வலிப்பு வந்தது. ரத்தத்தைச் சோதித்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"ஈயம்தாம்மா. உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்துன்னு நினைச்சு உள்ள விட்டுடும். வளர்ற மூளையைத்தான் முதல்ல கெடுக்கும். கெட்டது திரும்பாது."

கணவர் போய் முதலாளியிடம் முறையிட்டார். "பிறவிக் கோளாறா இருக்கும்ப்பா. உங்க பரம்பரையில யாராவது அப்படி இருந்திருப்பாங்க," என்றாராம். மனசு இளகி எனக்கு அவர் வீட்டிலேயே துணி துவைக்கும் வேலையும் கொடுத்தார். பாவம், அவருக்கு மட்டும் என்ன தெரியும் என்று நானும் நினைத்தேன்.

துவைக்கத் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன். நாள் முழுக்கப் பட்டறையில் நிற்கிறவரின் சட்டையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. கணவரிடம் கேட்டேன்.

"அவருக்கு அங்கயே தனிக் குளியலறை இருக்கு. குளிச்சு, வேற துணி மாத்திட்டுத்தான் கார்ல ஏறுவார். வீட்ல குழந்தை இருக்குல்ல?" என்றார், யதார்த்தமாக.

"நீங்களும் குளிச்சுட்டு வரலாமே?"

"எங்களை அதுக்குள்ள விடமாட்டாங்க."

அந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது.

அவருக்கு ஒரே பையன், என் மகளைவிடச் சின்னவன். அவன் தலையணையைப் பிரித்து, கணவரின் துவைக்காத சட்டையை உள்ளே வைத்துத் தைத்தேன். வாராவாரம் சட்டையை மாற்றினேன். "சட்டையைக் காணோமே?" என்று கணவர் தேடினால், "ஊற வெச்சிருக்கேன்" என்பேன். தலையணை நுனியைச் சப்பும் பழக்கம் பையனுக்கு ஏற்கெனவே இருந்தது. அதை நான் பழக்கவில்லை.

அவனும் சொற்களை மறந்தான். முதலாளி ஒருநாள் உடைந்துபோய் என்னிடமே கேட்டார். "என் பிள்ளைக்கு என்னம்மா ஆச்சு?"

"பிறவிக் கோளாறா இருக்கும் முதலாளி," என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு நிறைவாக நான் எதையும் சொன்னதில்லை.

பிறகு அவர்களுடைய டாக்டரும் ரத்தத்தைச் சோதித்தார். வீடெல்லாம் தேடி, தலையணையைப் பிரித்துவிட்டார்கள். அதைத் தைத்தது நான்தான். கணவருக்கு ஒன்றும் தெரியாது, அவரை விட்டுவிடுங்கள்.

ஆனால் அந்தக் குழந்தைமேல் எனக்குக் கோபம் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். அவனுக்கும் வலிப்பு வந்தது. வரும்போதெல்லாம் பெற்றவள் பயந்து வெளியே ஓடிவிடுவாள். மடியில் போட்டுக்கொண்டு, அடங்கும்வரை தடவிக்கொடுத்தது நான். என்னையும் இங்கே உட்கார வைத்துவிட்டீர்கள், இனி அவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?