குனியாமல் சொன்ன நோய்

இந்தப் பினாங்குத் தீவில் குனியாமலே ஒரு காரின் நோயைச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் அம்மா; புவான் என்றே அழைக்கிறேன். என் பெயருக்கு நேரே வாசு, கல்லூரி மாணவன் என்று மட்டும் எழுதிக்கொண்டீர்கள். அது முழு விவரம் ஆகாது.

என் நண்பன் கோகிலனின் காரைத் தாழ்த்தியது நான்தான். டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே முன்பு நான்கு விரல் போகும். கல்லூரி கார் நிறுத்துமிடத்தில் வைத்து ஸ்பிரிங்குகளை மாற்றினேன். அதன் பிறகு ஒரு விரலே சிரமப்பட்டுத்தான் நுழைந்தது. கோகிலன் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தான். அவனுடைய அக்கா காமினி படம் எடுக்கவில்லை. முன் சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து, டயரின் உள்பக்கம் கையை விட்டுத் தடவினாள்.

"காடிய எறக்குனா சக்கரம் உள்பக்கமா சாயும்லா. சக்கரம் நேரா நிக்குதான்னு அலைன்மன் பாத்துட்டு ஓட்டுங்க தம்பி."

"அக்கா, டயருக்குப் பிரசவம் பாக்குற மாதிரியே இருக்கு," என்றேன்.

கோகிலன் சிரித்தான். காமினியக்காவும் சிரித்தாள். நல்ல மனுஷி.

கல்லூரியில் நான் ஒரு நையாண்டிப் பக்கம் நடத்துகிறேன். அதில் 'டயர் தரிசனம்' என்று ஒரு கட்டுரை எழுதினேன். டயர் முன்னால் குந்துகிறவர்கள் ஒரு புதிய சமயத்தார்; உள்ளங்கையால் தடவி வழிபடுவார்கள், அலைன்மன் கடையில் காணிக்கை செலுத்துவார்கள் என்று விளக்கியிருந்தேன். நன்றாகப் பரவியது. கேண்டீனில் முன்பின் தெரியாதவர்கள்கூட என்னைக் கண்டால் குந்தி ஒரு கும்பிடு போட்டார்கள். அதன் விளைவு என்னவென்றால், என் ஷூ கயிறு அவிழ்ந்தால்கூடக் குனிய முடியாது. எங்கே குனிவான் என்று நாலு கைப்பேசிகள் காத்திருந்தன. அவிழ்ந்தபடியே நடக்கப் பழகிக்கொண்டேன்.

காமினியக்காவும் படித்தாள். "நல்லா எழுதியிருக்கேலா," என்றாள். அக்கரையில் ஜுருவில் அவள் வேலை செய்யும் தொழிற்சாலையிலும் யாரோ அதைக் காட்டிக் கிண்டல் செய்தார்களாம். அதற்குப் பிறகு அவள் டயர் பக்கம் குந்தவில்லை.

அவளைத் தினமும் கடல் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விடுவது கோகிலன்தான். அந்தப் பாலத்தில் ஏறிவிட்டால் அக்கரை போய்ச் சேரும்வரை திரும்ப முடியாது. உங்களுக்குத் தெரியாததா. சில வாரங்களில் காரின் அடியில் ஒரு முனகல் கேட்க ஆரம்பித்தது.

"ஸ்டேரிங் இடது பக்கமா இழுக்குதுடா வாசு. சனிக்கெழம கடைக்குக் கொண்டுபோயி தூக்கிப் பாப்போம்னு அக்கா சொல்றா."

நோய் எனக்குத் தெரியும். காரைத் தாழ்த்தினால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். பாரமெல்லாம் உள்விளிம்பில் விழும். சக்கரங்களின் முன்முனைகளும் விலகியிருந்தால் தேய்மானம் இன்னும் வேகமாகும். வெளியே நின்று பார்ப்பவனுக்கு டயர் புதிது போல இருக்கும், மறைவில் மொட்டை. பாருங்கள், இத்தனையும் நின்றபடியே சொல்லிவிட்டேன். ஆனால் கடையில் தூக்கினால் அந்த மொட்டையைக் கோகிலன் பார்ப்பான். பார்த்தால் அக்கா சொன்னதே சரி என்று கேண்டீனில் சொல்வான். அவன் கெட்டவன் இல்லை, சிரிக்கத் தெரிந்தவன். அதுதான் சிக்கல்.

"நான் பாத்துட்டேன்டா. டயர் நல்லாதான் இருக்கு. காத்து கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்."

"குனிஞ்சா பாத்த?"

"நான் குனிவேனா?"

இருவரும் சிரித்தோம். காற்றை நானே நிரப்பினேன். வெளிப்பக்கம் பளபளக்க டயர் மையும் பூசிக் கொடுத்தேன். சனிக்கிழமை அவர்கள் கடைக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை எனக்கும் அக்கரையில் வேலை இருந்தது. கோகிலன் காரை நிறுத்தி, "ஏறுடா, போற வழிதானே," என்றான். முன்னால் இடது இருக்கையில் இருந்த காமினியக்கா, எனக்கு இடம் விடுவதற்காகப் பின்னாலிருந்த தன் சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஃபெரியில் வருகிறேன் என்றேன். எனக்குக் கடற்காற்று பிடிக்கும்.

"சரி, பாத்து போ தம்பி," என்றாள். "ஷூ கயிறு அவுந்திருக்கு பாரு."

வெடித்தது இடது முன் டயர் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். கோகிலனுக்குக் கால் முறிவோடு போயிற்று. காமினியக்கா இருந்தது இடது பக்கம். ஃபெரியில் என் அருகே நின்றவர் கைப்பேசியைப் பார்த்து, பாலத்தில் ஏதோ விபத்து, பெரிய ஜாம் என்றார். அன்று காற்று நன்றாகவே இருந்தது.

என் உள்ளங்கையில் சுற்றியிருக்கும் துணியையே பார்க்கிறீர்கள். பால் டின் திறக்கும்போது கிழித்தது. ஆக, நான் செய்தது ஓர் அபிப்பிராயப் பிழை. டாக்டர்களுக்கும் வருவதுதான். இதற்காக யாரும் அவர்களைக் கொலைகாரர்கள் என்பதில்லை.

நொறுங்கிய காரை அடையாளம் காட்ட இப்போதே அக்கரைக்குப் போக வேண்டும் என்கிறீர்கள். ஃபெரியில் போகலாமா? சரி, பாலம்தான் என்றால் பாலம்தான்.

உங்கள் வண்டி இதுதானா? ஒரு நிமிடம், புவான். ஷூ கயிறு அவிழ்ந்திருக்கிறது. கட்டிக்கொள்கிறேன்.

கட்டியாயிற்று. கை ஏன் டயருக்குப் பின்னால் போகிறது என்று கேட்காதீர்கள். குந்தியதும் அதுவாகவே போகிறது. போன வெள்ளிக்கிழமையும் இப்படித்தான், யாரும் இல்லாத நேரத்தில் கோகிலனின் காருக்கு அருகே குந்தினேன். ரப்பர் தீர்ந்து, உள்ளே இருந்த கம்பி பிரிந்து நின்றது. கையைக் கிழித்தது டின் இல்லை, புவான். கம்பி.

உங்கள் டயர் நல்ல டயர். நான் ஏறிக்கொள்கிறேன்.