எழுத்துத் தெரியும் பதம்

— தண்ணி ஊத்தாதீங்க மாஸ்டர்! முட்டையை எதுக்கு எடுத்து வெச்சிருக்கேன், மூஞ்சில பூசிக்கவா?

— மாவு சேர மாட்டேங்குதுக்கா. சத்தியமா மண்ணு மாதிரி உதிருது.

— சேரும். மாவைக் குவிச்சு, நடுவுல குழி பண்ணி, முட்டையை அதுல ஊத்தி, ஓரத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா இழுக்கணும். நீங்க எடுத்த எடுப்புலயே கரையை உடைச்சு விட்டுட்டீங்க. இத்தனை வருஷம் தலையில வெள்ளைத் தொப்பி, சீஸ் போட்டு அடுக்கடுக்கா சுடுற லசான்யாவுக்கு மாவுல கை வெச்சதே இல்லையா?

— அதுக்குத்தான் நீ இருந்தியேக்கா. எட்டு வருஷம்.

— அப்போ நான் அக்கா இல்லையே. "ஏ கைநாட்டு, மாவு ஆச்சா?" ஹோட்டல் வாசல்ல நிக்கிற வாட்ச்மேன் வரைக்கும் கேக்கும்.

— பழசைக் கிளறாதக்கா. மதியம் முதலாளியம்மா பொண்ணுக்கு விருந்து. கடையில வாங்கின காஞ்ச ஷீட்டைப் போட்டு நேத்து ருசி காட்டினேன். ஒரு வாய், துப்பிட்டாங்க. "அவ கைப்பக்குவம் வேணும், அவகிட்டயே போ"ன்னு அவங்கதான் அனுப்பினாங்க. இன்னிக்கு சொதப்பினா, சத்தியமா என் வேலை போச்சு.

— வேலை போனா கஷ்டம்தான். அமுக்குங்க. விரலால இல்ல, உள்ளங்கை அடியால.

— கையெல்லாம் விண்ணு விண்ணுங்குது.

— இன்னும் பத்து நிமிஷம். மூணு வருஷமா நாலு வீட்டுப் பாத்திரம் தேய்க்கிறேன். திருடின்னு பேரு வாங்கினவளை எவ சமையல்கட்டுக்குள்ள விடுவா? தேய்க்கிறதுக்கும் பின்வாசல்ல உக்காத்தி வெப்பாங்க.

— பத்து நிமிஷம் ஆச்சு. இப்ப பாருக்கா.

— விரலால குத்துங்க. மேல எழும்புதா? ம். கிண்ணத்தைக் கவுத்து மூடுங்க. அரைமணி தூங்கட்டும்.

— அரைமணியா! அவ்வளவு நேரம் எங்க இருக்கு?

— தூங்காத மாவைத் தேய்ச்சா ரப்பர் மாதிரி திரும்பச் சுருங்கிக்கும். உக்காருங்க. நாற்காலி இல்ல, தரைதான்.

— அரைமணி ஆச்சுக்கா.

— கட்டையை எடுங்க. நடுவுலேர்ந்து வெளியே தள்ளுங்க. திருப்பிப் போடுங்க. இன்னும்.

— இதுக்கு மேல தேய்ச்சா கிழிஞ்சிடும்.

— கிழியாது. அடியில காயிதத்தை வெச்சா எழுத்துத் தெரியணும், அதுதான் பதம். இந்தாங்க, இந்தக் காயிதம். மேல ஷீட்டை விரிச்சுட்டு, சத்தமாப் படிங்க.

— "சீஸ் கட்டிகளைத் திருடி விற்றது நான்தான் என்று..." அக்கா! இது எப்படி உன்கிட்ட?

— எல்லாரும் பாக்கட்டும்னு நீங்க சமையல்கட்டுக் கதவுல ஒட்டினதுதான். போகும்போது பிச்சுக்கிட்டுப் போனேன். லீவு சீட்டுன்னு சொல்லித்தானே இதுல என் விரலைப் புடிச்சு அமுக்கினீங்க? சொல்லுங்க, சீஸை வித்தது யாரு?

— அது... சத்தியமா...

— அந்த வார்த்தையை மட்டும் என் வீட்டுல பேசாதீங்க. ஷீட்டு வேணுமா, வேண்டாமா?

— நான்தான்! நான்தான் வித்தேன், போதுமா? குடுக்கா, மணி பதினொண்ணு ஆகப் போவுது.

— குடுக்கிறேன். அதுக்கு முன்னாடி இந்தக் காயிதத்துல விரலை வைங்க. மடிச்சே இருக்கட்டும். மை அங்க இருக்கு.

— விரலா? எனக்குத்தான் எழுதத் தெரியுமே, கையெழுத்தே போடுறேன்.

— எனக்கும் இப்ப தெரியும். எழுதினது நான். நீங்க விரலை வைங்க.

— என்ன சீட்டு இது?

— லீவு சீட்டு.

— படிச்சுப் பாத்துட்டு வெக்கிறேனே.

— நான் படிச்சுட்டா வெச்சேன்?

— சரி. வெச்சுட்டேன். இப்பவாவது குடு.

— பிரிச்சுப் படிங்க. கோணல் எழுத்துதான், ஆனா தப்பு இருக்காது.

— "சீஸை விற்றது நான். பழியை இவள்மேல் போட்டதும் நான். இன்று முதல் மாஸ்டர் இவள். இவளுக்கு மாவு பிசைவது என் வேலை. சம்மதமில்லை என்றால் வெளியே போகிறேன்." அக்கா, என்ன விளையாட்டு இது? கீழ... இது முதலாளியம்மா கையெழுத்துல்ல?

— எழுதக் கத்துக்கிட்டதும் நான் எழுதின முதல் கடிதாசி அவங்களுக்குத்தான். நேத்தே வந்து கையெழுத்துப் போட்டுட்டாங்க. "உண்மை அவன் வாயாலயே வரணும், நாளைக்குக் காலையில அனுப்பறேன்"னாங்க. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிக்கிறாங்க, கார்ல நம்மளைக் கூட்டிட்டுப் போக. என்ன பாக்குற? ஏ கைநாட்டு, அடுத்த மாவு ஆச்சா?