பாஸ் போட்ட வால்வு

வெல்டிங் பார்க்கக் காலை வெயில் நல்லது. அதனால் புதிதாக வாங்கிய வால்வுகளை ஸ்டோர்ஸ் வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லித்தான் சோதிப்பேன். பற்றவைத்த இடத்தில் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளை மருந்து அடிக்க வேண்டும். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாகக் கசியும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் வேலை. நெய்வேலியில் என் கண்ணை யாரும் குறை சொன்னதில்லை.

செந்தில்நாதன் சார் சொன்னார். புதிதாக வந்த மேலதிகாரி. சித்திரையில் வந்த லோடில் பதினொரு வால்வுகளைக் கழித்தேன். பத்துப் பேர் பார்க்க, "மருதாசலம், கண்ணாடிய மாத்துங்க. உங்களுக்கு எங்க பாத்தாலும் கோடுதான் தெரியுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வேறொருவர் கையெழுத்தில் பதினொன்றும் உள்ளே போயின. கேன்டீனில் என் பெயர் கோட்டுச்சாமி ஆனது. அந்தப் பதினொன்றில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ஆடியில் அடுத்த லோடு வந்தது. ஒரு நீராவி வால்வில் விரல் நீளத்துக்குக் கோடு. துடைத்துவிட்டுப் பாஸ் போட்டேன். யோசித்துத்தான் போட்டேன். எங்கள் யூனிட்டில் புது வால்வுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பெரிய அதிகாரி கையால்தான் முதலில் திறப்பார்கள்.

அந்த வால்வைத் திறக்கும் அன்று சார் கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ராஜாங்கத்தைக் கூப்பிட்டார். கம்மாபுரத்துக்காரர், பதினாறு வருஷமாகக் காண்ட்ராக்ட் தொழிலாளி.

"உன் கை ராசியான கைப்பா. நீயே தெற."

"நானா சார்? நீங்க நின்னுகினு இருக்கசொல்ல நான் தெறக்கறதா?" ராஜாங்கத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. சார் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார்.

நான் முப்பதடி தள்ளி நின்றேன். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடி சிரிப்பார்கள். சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றியதும் வெல்டிங் பிளந்து நீராவி அடித்தது. ராஜாங்கத்தின் மனைவி பெரியநாயகிக்கு ஆஸ்பத்திரியில் முகத்தைக் காட்டவில்லை.

கொன்றது நான்தான் என்று உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வழக்கத்தை மீறியது யார் என்பதையும் எழுதுங்கள்.

அந்த ஆடி லோடில் நான் துடைத்துப் பாஸ் போட்டது ஒன்றில்லை, இரண்டு. மற்றது எந்த லைனில் இருக்கிறது என்று சொல்ல எனக்கு ஆட்சேபம் இல்லை. செந்தில்நாதன் சார் வரட்டும். அந்தப் பத்துப் பேரையும் நிற்கவைத்து, என் கண் சரி என்று ஒரு வார்த்தை சொல்லட்டும்.