பல்லுமேடு

அது எத்தனையோ காலத்துக்கு முந்தி. இப்ப ஆடு மேயுற இந்த மேட்டுல அரமனை நின்ன காலம். கடம்பாறைப் பாளையம்னு பேரு. ஆண்டவரு சாமந்தத் துரை. ஆண்டாரா, ஆட்டி வச்சாரான்னு கேட்டா, ஆட்டித்தான் வச்சாராம்.

மலையில எந்த ஆனை செத்தாலும் கொம்பு அரமனைக்கு. துரையோட மிதியடிக் குமிழு தந்தம், விசிறிப் பிடி தந்தம், பல்லக்குக் கம்புக்குப் பூண் தந்தம். ஊர்ல ஒருத்தன் ஒரு சீப்பு அளவுக்குத் தந்தம் வச்சிருந்தாலும் கை போயிரும். தனக்கே கொம்பு முளைச்ச மாதிரிதான் நடப்பாராம் அந்த மனுசன்.

அவருக்குத் தந்தம் செதுக்குனவரு மயிலேறி ஆசாரி. நம்ம வம்சத்து மூத்த ஆளு. பக்கத்துப் பாளையத்துத் துரைமாரு எல்லாம் தைப்பூசத்துக்கு வாராக, அன்னைக்கு நான் உக்கார ஒரு ஆசனம் வேணும்னு துரை கேட்டாராம். ரெண்டு கைப்பிடியும் ஆனைக்கொம்பு, முனையில யாளி முகம். ஆறு மாசம் செதுக்குனாரு. யாளிக்குக் காது மட்டும் வெத்தலை மாதிரி மெல்லிசா வரணும். அதுக்கு ஆசாரிமாரு ஒரு பக்குவம் வச்சிருந்தாகளாம். புளிச்ச மோருல நாள்கணக்கா ஊறப் போட்டா தந்தம் இளகும். இளகுனதும் செதுக்கி வெயில்ல வச்சா பழையபடி கல்லாயிரும்.

பூசத்தன்னைக்கு விடிஞ்சதும் காதைச் செதுக்கி முடிச்சாரு. கைப்பிடியப் புறவாசல் வெயில்ல வச்சுட்டுக் குளிக்கப் போனாரு. மக பூரணம் அடுப்படியில இருந்தா. புருசன் இல்லாதவ. அவ பிள்ளை செம்பகத்துக்கு எட்டு மாசம், கீழ ரெண்டு பல்லு அப்பத்தான் முளைச்சிருக்கு. ஈறு அரிக்குமா இல்லையா? தவழ்ந்து வந்து யாளி காதைக் கடிச்சிருச்சு.

ஆசாரி வந்து பாத்தா ரெண்டு பல்லுத்தடம், அரிசி அரிசியா. அதுக்குள்ள காஞ்சு இறுகிப் போச்சு. சுரண்டுனா காதே போயிரும். தெருவுல அரமனை ஆளுக தூக்கிட்டுப் போக வந்து நிக்காக. பாவி மனுசன், கத்தலை, பிள்ளைய அடிக்கலை. மக கிட்டப் போயி மெதுவாச் சொன்னாராம்.

"பிள்ளைய இடுப்புல கட்டு. நாங்க தெரு திரும்புனதும் கிளம்பிரு. கணவாய் தாண்டுற வரைக்கும் எங்கயும் உக்காராத. அது வரைக்கும் துரைய நான் பாத்துக்கிடுதேன்."

கணவாய்க்கு அரை நாள் நடை. துரை அதிகாரம் அங்கனயோட சரி.

சபை நிறைஞ்சு இருக்கு. துரை உக்காந்தாரு, கைப்பிடியத் தடவுனாரு. விரலு காதுல நின்னு போச்சு. குனிஞ்சு பாத்தாரு. பக்கத்துப் பாளையத்துத் துரையும் கூடவே குனிஞ்சு பாத்தாரு. அதுதான் வினையாப் போச்சு.

"யாரு கடிச்சது?"

"நான்தான் சாமி. பதம் பாக்கக் கடிச்சேன்."

சின்னப்பிள்ளைப் பல்லுன்னு குருடனுக்கும் தெரியும். துரைக்குத் தெரியாதா? ஆனா வந்தவுகளுக்கு வேடிக்கை காட்டணும்ல. கொல்லனைக் குறடோட கூட்டியாரச் சொன்னாரு. ஆசாரி பல்லை ஒவ்வொண்ணாப் பிடுங்கி அந்தத் தடத்துல வச்சுப் பாக்கணுமாம். பொருந்திட்டா அதோட விட்டுருவாராம். ஒண்ணுகூடப் பொருந்தலைன்னா, கடிச்ச வாயைத் தேடிப் பிடிச்சு அதுல இருக்கிறதப் பிடுங்குவாராம்.

முதப் பல்லு. பொருந்தலை. "அடுத்தது பாருங்க சாமி"ன்னாராம் ஆசாரி. பூரணம் ஓடையத் தாண்டியிருப்பா. ரெண்டாவது, மூணாவது. வாய் கொப்புளிச்சுக்கிடுதேன்னு தண்ணி கேட்டாராம். ஒரு வாய்த் தண்ணிய எவ்வளவு நேரம் கொப்புளிக்க முடியுமோ அவ்வளவு நேரம் கொப்புளிச்சாராம். எட்டாவது பல்லுக்குப் பூரணம் புளியந்தோப்புல போறா. துரைமாரு வெத்தலை போட்டுக்கிட்டுச் சிரிக்காக. பதினஞ்சு, பதினாறு. "அழுத்தது பாழுங்க ஷாமி." சிரிக்காதீங்க. அப்படித்தான் பேச வந்துச்சு அவருக்கு.

கடைசிப் பல்லு விழுறப்ப வெயிலு உச்சிக்கு வந்துருச்சு. ஒண்ணும் பொருந்தலை. துரை ஆசாரி வீட்டுக்கு ஆள் அனுப்புனாரு. அடுப்புச் சாம்பல் ஆறிக் கிடந்துச்சு, தொட்டில் சேலையக் காணோம். அதை வந்து சபையில சொன்னப்ப ஆசாரி வாயத் திறந்து சிரிச்சாராம். ஒரு பல்லு இல்ல, கைப்பிள்ளை சிரிக்கிற மாதிரி இருந்துச்சாம். சிரிக்கச் சிரிக்க அங்கனயே வெட்டிப் போட்டாக, படுபாவிக.

துரை அந்த ஆசனத்தை விடலை. விட்டா மானக்கேடுல்ல? சாகுற வரைக்கும் யாளி காதை உள்ளங்கையால மூடிக்கிட்டேதான் உக்காந்திருந்தாராம். வாரவன் போறவன் எவனும் அவரு முகத்தைப் பாக்க மாட்டானாம், அந்தக் கையத்தான் பாப்பானாம்.

பெறகு அரமனை இடிஞ்சு மேடாச்சு. செம்பகம் புருசன் பிள்ளைகளோட திரும்பி வந்து இங்கன குடியிருந்தா. நாமெல்லாம் அவ வழிதான். மூத்த பிள்ளைக்கு முதப் பல்லு விழுந்தப்ப நேரா இந்த மேட்டுக்கு வந்து வீசுனாளாம். மத்த ஊர்ல பல்லு விழுந்தா கூரையில எறியுதாக. நாம இங்கன எறியுதோம். எறிஞ்சுட்டு அவ சொன்னதையே சொல்லுதோம்.

"இது பொருந்துதா பாரு துரை."

எத்தனை தலைமுறைப் பல்லு கிடக்கு இந்த மண்ணுக்குள்ள. இன்னும் ஒண்ணும் பொருந்தலை.