அர்வாவின் முற்றத்துக்குக் கூரை போட்ட கதை

இந்த மாலைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, இரும்பு பிடித்துக் காய்த்துப்போன என் கையிலும் ஒலிவாங்கியைக் கொடுத்திருக்கும் மருந்தாளுநர் பாத்திஹா அவர்களே! கைரவானின் சந்து பொந்துகளிலிருந்தெல்லாம் குடும்பத்தோடு வந்திருக்கும் பெரியவர்களே! பிள்ளைகளைப் பெற்ற நாள் முதலாய்ப் பகலைத் துறந்து, பயத்தோடு வாழப் பழகிய தாய்மார்களே! சூரியன் சாயட்டும் என்று காத்திருந்து, முகக்கவசமும் கையுறையும் கழற்றிவிட்டு முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் நிலவின் பிள்ளைகளே! உங்கள் அனைவருக்கும் இந்த லஸ்ஸாதின் சலாம்.

மண்டபத்தின் குழல் விளக்குகளை ஏன் கழற்றினீர்கள் என்று வாசலில் ஒருவர் என்னைக் கேட்டார். ஐயா, கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தெரியும் வெளிச்சமும் இந்த முன்வரிசைக்குக் கொடுமை செய்யலாம். வெயில் நம் எல்லோர் தோலிலும்தான் காயம் செய்கிறது. நம் உடல் அதை ஓசையில்லாமல் தைத்துக்கொள்கிறது. இவர்கள் உடலுக்கு அந்தத் தையல் தெரியாது. பட்ட காயம் பட்டபடி நிற்கும், நின்றது கட்டியாகும், கட்டி உயிரைக் கேட்கும். வருடத்தில் முக்கால் பங்கு வெயில் அடிக்கும் ஊரில் இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் அந்த வீடு என்ன செய்யும்? கதவைச் சாத்தும். சன்னலைச் சாத்தும். கடைசியில் வாயையும் சாத்திக்கொள்ளும்.

அப்படிச் சாத்திக் கிடந்த ஒரு வீட்டின் கதையைத்தான் நான் சொல்ல வந்தேன். நான் அலங்காரமாகப் பேசுகிறேன் என்று என் மனைவி வீட்டிலேயே கிண்டல் செய்வாள். அலங்காரம் கொஞ்சம் இருக்கும். ஆனால் சொல்வதில் பொய் இருக்காது.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், வசந்த காலத்தின் முடிவில், ஒரு பெண், இரும்பு மேஸ்திரியான என்னைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"உஸ்தா, எங்க வீட்டு முற்றத்துக்குக் கூரை போடணும்."

"வெயிலுக்கா, மழைக்கா?"

"வெயிலுக்குத்தான். ஒரு சொட்டுகூட உள்ள வரக் கூடாது."

"தங்கச்சி, வெயில் என்ன தண்ணியா, சொட்டுறதுக்கு?"

"உங்களுக்கு அது வெயில், உஸ்தா. எனக்கு அமிலம்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவள்தான் அர்வா. அப்போது வயது இருபத்திரண்டு. வீட்டுக்குள் இருந்தபடியே பொறியாளர்களுக்குக் கட்டட வரைபடம் வரைந்து கொடுப்பவள். மறுநாள் நான் போனபோது முற்றத்தை ஏற்கெனவே அளந்து, வரைந்து, என் கையில் தாளைக் கொடுத்தாள். சூரியன் மறைந்த பிறகு, விளக்கு வெளிச்சத்தில், ஏழு மாலை அளந்திருக்கிறாள். வெயிலின் விஷத்தைத் தடுக்கும் பாலிகார்பனேட் தகடு மேலே. சுற்றுச்சுவருக்கும் கூரைக்கும் நடுவே முழங்கை அளவு இடைவெளி, சூடான காற்று வெளியேற. முப்பது வருடம் தொழில் செய்தவன் நான். அந்தத் தாளில் திருத்துவதற்கு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆனால் அவளுடைய தாய், மப்ரூக்கா அக்கா, கதவோரம் நின்று என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கணவரை இழந்தவர், மக்ரூத் பலகாரம் சுட்டுக் கடைகளுக்குக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பவர்.

"உஸ்தா, காபி குடிச்சிட்டுக் கிளம்புங்க. இங்க கூரையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"உம்மா!" என்றாள் அர்வா.

"நீ பேசாத. உஸ்தா, எனக்கு ஒரு மகன் இருந்தான், ஸுஹைல். இவளுக்கு இருக்குற அதே நோய். முற்றத்துல பந்து விளையாடணும்னு அழுவான். அவங்க வாப்பா நல்ல கெட்டித் துணியா வாங்கி மேல கட்டினாரு. நிழல் விழுந்துச்சு. நாங்க நம்பினோம். அந்த நிழல்லதான் மூணு வருஷம் விளையாடினான். பதினாலு வயசுல கொண்டுபோய் அடக்கம் பண்ணினோம். நிழல்னு சொல்லிக்கிட்டு இந்த வீட்டுக்குள்ள இனிமே யாரும் வரக் கூடாது."

அன்பான அவையோரே! நான் எழுந்துவிட்டேன். அர்வாதான் என்னை உட்கார வைத்தாள். தாயின் கையில் ஒரு சிறிய கருவியைக் கொடுத்தாள். வெயிலின் விஷத்தை அளக்கும் கருவி அது. "உம்மா, தம்பிக்குத் துணி கட்டினப்ப இது நம்மகிட்ட இல்ல. டாக்டர் சொன்ன மாதிரி பத்துக்குக் கீழ காட்டினா நான் வெளிய வருவேன். பத்தைத் தாண்டினா வர மாட்டேன். முடிவு உங்க கையில இல்ல, என் கையிலயும் இல்ல. இந்த முள்ளு சொல்லட்டும்" என்றாள். தாய் கருவியைப் புரட்டிப் பார்த்து என் பக்கம் நீட்டினார்.

வேலையைத் தொடங்கினேன். இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முற்றத்தின் வடக்கே ஹாஜ் அல்லாலாவின் இரண்டு மாடி வீடு. கூரையின் தூலம் ஒரு பக்கம் அவர் சுவரில்தான் உட்கார வேண்டும். ஹாஜ் அப்போது ஸூஸாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அந்தச் சுவருக்கு ஒவ்வொரு வருடமும் நோன்புக்கு முன் தன் கையாலேயே சுண்ணாம்பு அடிப்பவர் அவர். கேட்டால் மறுப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. நான்கு துளை போட்டு, நான்கு போல்ட் முடுக்கி, தூலத்தை ஏற்றிவிட்டேன்.

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டாம், அவர் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். எழுந்திருக்க வேண்டாம் ஹாஜ், அமருங்கள். உங்களைப் பற்றி நல்லதும் சொல்லப் போகிறேன்.

கூரை எழுந்தது. பார்க்க அழகாக எழுந்தது. உச்சி வெயிலில், அர்வா சாத்திய கதவுக்குப் பின்னால் நிற்க, நான் முற்றத்தின் நடுவில் கருவியை நீட்டினேன். எண்ணைப் பார்த்தேன். கருவியைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தேன்.

"எவ்வளவு உஸ்தா?"

"கருவியில ஏதோ கோளாறு போல இருக்கு."

"கருவியில கோளாறு இல்ல. எண்ணைச் சொல்லுங்க."

"நாப்பத்து மூணு."

கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல், ஒரு நடுக்கமும் இல்லாமல் வந்தது. "மேல பார்த்துப் பிடிங்க." பிடித்தேன், மூன்று. "கிழக்கே." எட்டு. "தெற்கே." ஆறு. "வடக்கே." நாற்பத்து மூன்று.

"வடக்கே என்ன இருக்கு உஸ்தா?"

"ஹாஜோட சுவர்."

புரிகிறதா பெரியோர்களே? வெயில் கூரை வழியாக வரவில்லை. பளபளவென்று வெளுத்த அந்தச் சுவரில் பட்டு, காற்றுக்காக நாங்கள் விட்ட இடைவெளி வழியாகத் திரும்பி வந்தது. எந்த வெண்மையை ஊர் புகழ்ந்ததோ, அந்த வெண்மை அவளை வீட்டுக்குள் வைத்திருந்தது. அந்தக் கெட்டித் துணியின் நிழலில் ஸுஹைலை எது தின்றது என்பதும் அன்றுதான் அந்தத் தாய்க்குப் புரிந்தது. கதவு நிலையைப் பிடித்தபடி அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இடைவெளியைத் தகட்டால் அடைத்துப் பார்த்தேன். எண் இறங்கியது, சூடு ஏறியது. நண்பகலில் முற்றம் ரொட்டி அடுப்பாகிவிட்டது. கால் மணி நேரம் நின்ற எனக்கே தலை சுற்றியது. அடைத்ததைப் பிரித்தேன்.

மப்ரூக்கா அக்கா எழுந்து வந்தார். கோபமில்லை, கூச்சலில்லை. "கழட்டிடுங்க உஸ்தா. ஆசையைக் கட்டித் தொங்கவிட்டுட்டுப் போயிடாதீங்க" என்றார்.

கழற்ற எனக்குக் கை வரவில்லை. மறுநாள் ஹாஜ் ஊர் திரும்பினார். நான் அவர் கதவைத் தட்டுவதற்குள் அவரே வெளியே வந்துவிட்டார்.

"நாலு ஓட்டை! என் சுவர்ல நாலு ஓட்டை! ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா ஹாஜ்?"

"மாட்டேன். ஆனா கேட்டிருக்கணும்ல?"

"தப்புதான், மன்னிச்சிடுங்க" என்றேன். தலை குனிந்தேன். குனிந்த தலையோடேயே அடுத்ததையும் கேட்டேன்: அந்தச் சுவருக்கு இருண்ட நிறம் அடிக்க வேண்டும் என்று. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓட்டை போட்டது பத்தாதா? இப்ப சேறு வேற பூசணுமா? போடா இங்கிருந்து!" கதவு என் மூக்கை உரசிக்கொண்டு மூடியது.

அன்று மாலை, சூரியன் மறைந்ததும், அர்வாவே போனாள். நான் தெருவில் நின்றிருந்தேன். கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஹாஜ் கதவைத் திறந்தார். இருபது வருடம் அடுத்த வீடு. அவள் குரல் அவருக்குத் தெரியும், முகம் தெரியாது. புள்ளி புள்ளியாய்க் கறுத்த அந்த முகத்தை அவர் விளக்கடியில் பார்த்தபடி நின்றார்.

"ஹாஜ், வரைபடம் நான் போட்டது. உங்ககிட்ட கேக்காம ஓட்டை போட்டது தப்பு. மன்னிச்சிடுங்க."

"நீ எதுக்கு மன்னிப்புக் கேக்குற மகளே? அந்தக் கழுதை கேக்கட்டும்."

"கழுதை ஏற்கெனவே கேட்டாச்சு. ஹாஜ், உங்க சுவரை எல்லாரும் புகழ்றாங்க. நான் பகல்ல பார்த்ததில்ல. நாளைக்கு உச்சி நேரத்துல எங்க முற்றத்துல அஞ்சு நிமிஷம் வந்து நிப்பீங்களா? வேற எதுவும் கேக்க மாட்டேன்."

வந்தார். சுங்கத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் அல்லவா, கருவியை என்னிடமிருந்து பிடுங்கி, மூட்டை சோதிப்பதுபோல் மூலை மூலையாகச் சோதித்தார். சுவரின் பக்கம் நீட்டினார். நாற்பத்து மூன்று. என்னை நம்பாமல் இன்னும் இருமுறை நீட்டினார். அதே நாற்பத்து மூன்று.

"சரி, இந்த எண்ணு என்ன செய்யும்?" என்று கேட்டார்.

அர்வா கதவுக்குப் பின்னால் இருந்தாள். அப்போது சமையலறையிலிருந்து மப்ரூக்கா அக்கா வெளியே வந்தார்.

"ஹாஜ், என் மகன் ஸுஹைல் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அவன் ஜனாஸாவை யாரு தூக்கினது?"

"முன்னால வலப் பக்கம் நான்தான் தூக்கினேன்."

"அதைத்தான் செய்யும், ஹாஜ்."

அவையோரே! கூரையே வேண்டாம் என்ற தாய், கழற்றிவிடு என்ற தாய், அன்று கூரைக்காகப் பேசிய பேச்சு அவ்வளவுதான். ஹாஜ் கருவியை என் கையில் வைத்தார். தன் வீட்டுக்குப் போய்விட்டார். முடிந்தது என்று நினைத்து நான் சாமான்களைக் கட்டத் தொடங்கினேன்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மேலே ஏதோ சுரண்டும் சத்தம். நிமிர்ந்து பார்த்தால், எழுபது வயது மனிதர் ஏணியில் நின்று, தான் அடித்த சுண்ணாம்பைத் தானே சுரண்டிக்கொண்டிருக்கிறார்! வருடம் வருடமாய் ஏறிய வெள்ளை, பொடிப் பொடியாய் உதிர்ந்து அவர் தாடியில் படிகிறது. நான் ஓடிப்போய் ஏணியைப் பிடித்தேன். "கையை எடு" என்றார். எடுக்கவில்லை. இரண்டாம் முறை அவர் சொல்லவில்லை.

நான்கு நாளில் சுவர் அடர்பழுப்பாயிற்று. தெருவில் போனவர்கள் சும்மா இருப்பார்களா? "என்ன ஹாஜ், வீட்டுக்கு வயசாயிடுச்சா?" என்றார்கள். "உனக்கு முன்னாடி ஆகல, போ" என்றார் இவர். கைதட்டுங்கள், அவருக்கு அது பிடிக்கும்.

உச்சி வெயிலில் அளந்தோம். ஏழு. மறுநாள் அளந்தோம். ஏழு. களிம்பு பூசிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, முதலில் கால் மணி நேரம் வெளியே உட்காரலாம் என்று அர்வாவின் மருத்துவர் சொன்னார்.

அந்தக் காலையை நான் மறக்க மாட்டேன். மணி பத்து. அர்வா கதவைத் திறந்தாள். முகத்தில் கவசம் இல்லை. முற்றத்தின் நடுவே நாற்காலியில் அமர்ந்தாள். தலைக்கு மேலே தகடு பால்போல் வெளிச்சம் பரப்பியது. தெருவில் காய்கறிக்காரன் கூவினான். புறா ஒன்று தூலத்தில் நடந்தது. அவள் எதையும் பார்க்கவில்லை. கைகளைப் புரட்டிப் புரட்டி, தன் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாய் நிலைப்படியில் நின்றார். இடது கையில் கருவி. கண் அதன் மேல். "ஏழு... ஏழு... ஆறு... ஏழு..." என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். காலை வெளியே வைக்க அவரால் முடியவில்லை.

"உம்மா, கருவியை அப்புறம் பாருங்க. இங்க வந்து உக்காருங்க."

மெல்ல வந்தார். எதிரே அமர்ந்தார். அப்போதுதான் மகளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வயதில் நோய் இன்னதென்று தெரிந்த பிறகு அந்த முகத்தை அவர் பகல் வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை. பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கருவி மடியில் நழுவி விழுந்தது.

"உன் கண்ணு தேன் நிறமா இருக்குடி!" என்றார். "கறுப்புன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இருபது வருஷமா கறுப்புன்னுல்ல நெனச்சேன்!"

நான் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டேன். மேல்மாடி சன்னலில் நின்றிருந்த ஹாஜும் வேறு பக்கம் பார்த்தார்.

தாய்மார்களே, பெரியோர்களே! பெற்ற பிள்ளையின் கண் என்ன நிறம் என்று அறிய ஒரு தாய் இருபது வருடம் காத்திருக்க வேண்டுமா? இந்த முன்வரிசையைப் பாருங்கள். நான்கு வீடுகளின் பிள்ளைகள். நான்கு முற்றங்களுக்கும் அர்வா வரைந்த வரைபடங்கள் இதோ மேசையில் இருக்கின்றன. இரும்பு என் பொறுப்பு. உழைப்பு என் பொறுப்பு. ஆனால் ஒவ்வொரு முற்றத்தைச் சுற்றியும் சுவர்கள் நிற்கின்றன. அவை இவர்களுடையவை அல்ல, உங்களுடையவை. வெள்ளையாய், வெயிலில் மின்னியபடி நிற்கின்றன. ஒருமுறை கேட்காமல் துளை போட்டவன் நான். இன்று இத்தனை பேர் முன்னிலையில், வாய் திறந்து கேட்கிறேன். உங்கள் சுவரைத் தருவீர்களா? அதன் வெண்மையை விட்டுக்கொடுப்பீர்களா? தருபவர்கள் கையைத் தூக்குங்கள்.

ஒன்று... அங்கே கடைசியில் ஒன்று. தூண் ஓரமாக அம்மா, நீங்களா? உங்கள் கைதானே? மூன்று. இன்னும் ஒரு வீடு இருக்கிறது. தெற்கு வாயில் சந்துக்காரர்கள் யாராவது...

இதோ. எழுந்தே நின்றுவிட்டார். அமருங்கள் ஐயா, பார்த்துவிட்டேன். நாளைக் காலை உங்கள் கதவைத் தட்டுவேன்.

இதற்கு மேல் என்னிடம் பேச்சு இல்லை. பொறுமையாய்க் கேட்ட அவைக்கும், தலைவர் அவர்களுக்கும், கை தூக்கிய நால்வருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நிலவின் பிள்ளைகளே, உங்கள் முற்றங்களில் சந்திப்போம். பகலில் சந்திப்போம். சலாம்.