தக்காளி லாரிக்கு வழி திறந்த தலைமை ஆய்வாளருக்கு

எல்லைச் சாவடி ஆய்வுக்கூடத்தின் ஏற்றமிகு தலைமையே! கண்டிப்பும் கனிவும் கலந்த அம்மையீர்! கழுவாத கண்ணாடிக் குழாயைக் கண்டால் தாங்கள் பார்க்கும் பார்வைக்குப் பூச்சிமருந்தும் தோற்கும் என்றாலும், பணி நிறைவு பெறும் தங்களுக்குப் பயம் நீங்கிய எங்கள் பணிவான வணக்கம்!

நம் நாடும் அண்டை நாடும் வணிக ஒப்பந்தம் செய்த பின்னும், நாம் சோதித்த சரக்கை அவர்கள் மறுபடி சோதித்த காலத்தை மறப்போமா! முடிவு வருமுன் தக்காளி லாரியிலேயே அழுகும். அங்கே சந்தையில் விலை ஏறும், இங்கே விளைவித்தவர் வயிறு எரியும். ஒரு பக்கச் சோதனை இரு நாட்டுக்கும் செல்லும் என்ற விதியை ஒப்பந்தத்தில் சேர்க்கத் தாங்கள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை, எரிச்சலூட்டாத அதிகாரியும் இல்லை!

"உங்க சோதனைய எதை வச்சு நம்புறது?" என்றார் அந்நாட்டு ஆய்வாளர். "நம்ப வேணாம் சார், வந்து பக்கத்துல நின்னு பாருங்க" என்றீர்கள். அவர் வந்த அன்று வரிசையில் முதலில் நின்றது தங்கள் உடன்பிறந்த அண்ணனின் லாரி! தக்காளியில் பூச்சிமருந்து அளவை மீறியிருந்தது. "இன்னைக்கு மட்டும் கண்டுக்காம விடும்மா, மானம் போகுது" என்று அண்ணன் கெஞ்சினார். "விட்டா அவங்க கதவு நமக்கு என்னைக்கும் திறக்காதுண்ணே" என்று சொல்லி, சரக்கைத் திருப்பியனுப்பும் ஆணையில் கையெழுத்திட்டீர்கள். வந்தவர் அன்றே தம் அரசுக்குப் பரிந்துரை எழுதினார், விதியும் வந்தது.

இன்று காலையில் பறித்த நம் தக்காளி மாலையில் அவர்கள் சந்தையில். அவர்கள் ஆப்பிள் நம் தெருக்கடையில்! பூட்டிக்கிடந்த கிடங்குகள் திறந்தன. சுமை தூக்குவோர்க்கும் ஓட்டுநர்க்கும் இருபுறமும் வேலை பெருகியது. ஆனால் அண்ணன் மட்டும் தங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. தங்கள் மகள் திருமணத்துக்கும் வரவில்லை. எங்களுக்கும் அது இன்றும் வலிக்கிறது.

அதனால் நேற்று அவரைத் தேடிப்போய் இந்தப் பணி நிறைவு விழாவுக்கு அழைத்தோம். "எனக்குப் பேசவெல்லாம் வராதுப்பா. அவ அன்னைக்கு விட்டிருந்தா, இன்னைக்கு என் லாரி ஒண்ணுகூட அந்தப் பக்கம் போயிருக்காது. இத உங்க மடல்ல எழுதிடுங்க" என்றார். எழுதிவிட்டோம், அம்மையீர்! கடைசி வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருப்பவர் அவர்தான்.

நோயின்றி, நிறைவோடு, நெடுங்காலம் வாழ்க! மாலையும் பொன்னாடையும் காத்திருக்கட்டும். முதலில் மேடையிலிருந்து இறங்கி அண்ணனிடம் போங்கள்!

தங்கள் கண்டிப்பில் வளர்ந்த
ஆய்வுக்கூடப் பணியாளர்கள்