தொடாமல் எடுத்த ஏழு படங்கள்

உலகத்தில் இதுவரை எடுக்கப்பட்ட கோடானுகோடிப் புகைப்படங்களில் பொய் கலக்காதவை என்னுடையவை மட்டும்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, மேடம். வாக்குமூலத்தில் பெருமைக்கு இடமில்லை என்று உங்கள் எழுத்தர் தாளை நீட்டும்போதே சொல்லிவிட்டார். தகவலுக்காகச் சொல்கிறேன். அவர் எழுதிக்கொள்ளட்டும். நான் மெதுவாகவே பேசுகிறேன்.

நான் வேலை பார்ப்பது பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருக்கும் பாஸ்போர்ட் படக் கடையில். அங்கே யார் முகத்தையும் இருந்தபடி கொடுப்பதில்லை. மச்சம், பரு, கண்ணுக்குக் கீழே கறுப்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைத்துவிடுவார்கள். நான் ஒன்றையும் துடைக்க மாட்டேன். ஒருமுறை ஒரு பெண்ணின் அம்மா வந்து நின்றுகொண்டு, "தம்பி, இந்தப் பரு மூணு நாள்ல போயிடும்பா. படத்துல பத்து வருஷம் இருக்குமே" என்று கெஞ்சினார். "அப்ப மூணு நாள் கழிச்சு வாங்க" என்றேன். முதலாளி அன்றைக்கே என்னைக் கம்ப்யூட்டரிலிருந்து எழுப்பி நகல் எடுக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். எனக்கு வருத்தமில்லை. அந்த மெஷினும் இருப்பதை இருக்கிறபடிதான் காட்டும். நாங்கள் நன்றாகப் பழகிவிட்டோம்.

பல் டாக்டர் என் நண்பன். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இரண்டு பேரும் சேர்ந்துதான் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டோம். ஞாயிறு தவறாமல் படகில் போவோம், பவளப்பாறையில் இறங்குவோம், படம் எடுப்போம். கேமராவைத் தண்ணீருக்குள் கொண்டுபோகும் கூடு எனக்கு அவன் வாங்கிக் கொடுத்தது. அவன் மனைவி என்னை அண்ணா என்பாள். நான் அவளைத் தங்கச்சி என்பேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

அவன் தண்ணீருக்குள் கையில் ஒரு கம்பி கொண்டுவருவான். பல்லைச் சுரண்டிப் பார்க்கும் எவர்சில்வர் கம்பி. பழுப்புப் பாறையில் உட்கார்ந்திருக்கும் நீலநிறக் கடல்நத்தையை அதனால் மெல்லத் தூக்கி, சிவப்புக் கடற்பஞ்சு மேல் வைத்துப் படம் எடுப்பான். நிறம் எடுப்பாகத் தெரியுமாம். ஒளிந்திருக்கும் நண்டை நெம்பி வெளியே எடுப்பான்.

"பேஷண்ட்ட நாற்காலில சாய்ச்சு உட்கார வைக்கிற மாதிரிதான் மச்சான். நான் என்ன, வலிக்கவா செய்யறேன்?" என்பான்.

அந்தப் படங்களைப் பெரிதாக்கித் தன் கிளினிக்கில், நாற்காலிக்கு நேர் மேலே கூரையில் ஒட்டியிருந்தான். படுத்துக்கொண்டு பார்க்கிற எல்லோருக்கும் வாய் திறந்திருக்கும். வியப்பில் திறந்திருக்கிறது என்று அவன் உண்மையாகவே நம்பினான்.

நான் எதையும் தொட மாட்டேன். அங்கே நடப்பது அங்கே நடப்பது. நாம் பார்க்கப் போனவர்கள். மீன் முகம் காட்டினால் முகத்தை எடுப்பேன், வாலைக் காட்டினால் வாலை எடுப்பேன். பெரும்பாலும் வாலைத்தான் காட்டும்.

"டேய், உன் ஆல்பத்தப் பார்த்தா கடல்ல இருக்கற மீனெல்லாம் உன்கிட்ட கோவிச்சுக்கிட்டுப் போற மாதிரியே இருக்குடா" என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னான். தங்கச்சிக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. நானும் சிரித்தேன். நல்ல ஜோக்தான்.

போன வருடம் பாறை இடுக்கில் ஒரு மீனைக் கண்டுபிடித்தேன். விரல் நீளம்தான். அந்த இனத்தில் ஆண் மீன்தான் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். குஞ்சு பொரியும்வரை ஒரு வாரத்துக்கு மேல் பட்டினி. எப்போதாவது ஒரு நொடி வாயைத் திறந்து முட்டைகளைப் புரட்டிவிட்டு மூடிக்கொள்ளும். அந்த ஒரு நொடிக்காக வேலைக்கு லீவு போட்டு, இரண்டு நாள் இறங்கி, முழு நேரமும் அதன் எதிரில் அசையாமல் கிடந்தேன். திறக்கவில்லை. நான் குறை சொல்லவில்லை. அதன் வாய், அதன் இஷ்டம்.

மூன்றாம் நாள் அவனும் வந்தான். என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். கம்பியை நீட்டி மீனின் தாடையில் இரண்டு தட்டுத் தட்டினான். மீன் வாயை முழுக்கத் திறந்து முட்டைகள் அத்தனையையும் துப்பிவிட்டது. அவன் மூன்று படம் எடுத்தான். சுற்றியிருந்த மீன்கள் வந்து முட்டைகளைத் தின்று முடிக்கப் பத்து நொடிகூட ஆகவில்லை. அந்தச் சின்ன மீன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, காலி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

படகில் ஏறியதும் அவன் என் முதுகில் ஓர் அடி போட்டான். "ஆ காட்டுன்னேன், காட்டிடுச்சு பார்த்தியா? உனக்குக் கஸ்டமர்கிட்ட பேசத் தெரியலடா."

அந்தப் படம் கடல்வாழ் உயிரினப் போட்டியில் முதலாவதாக வந்தது. 'அப்பா' என்று தலைப்பு வைத்திருந்தான். கண்காட்சியில் அதன் முன்னால் நின்று இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன்.

நான் கோபப்பட்டேனா என்று நீங்கள் நேற்றுக் கேட்டீர்கள். இல்லை. கோபப்பட்டால் நாமும் கை நீட்டத்தான் தோன்றும். நான் என் கொள்கையை இன்னும் கொஞ்சம் அகலமாக்கிக்கொண்டேன், அவ்வளவுதான். எதையும் தொடுவதில்லை என்பது இனி மீன்களுக்கு மட்டுமல்ல என்று வைத்துக்கொண்டேன்.

டைவிங்கில் இருவர் இருவராகத்தான் போக வேண்டும். இறங்குவதற்கு முன் இவன் சாமான்களை அவனும், அவன் சாமான்களை இவனும் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொருவர் நெஞ்சிலும் மஞ்சள் நிறத்தில் ஓர் உபரி மூச்சுக்குழாய் தொங்கும். அது நமக்கு இல்லை, கூட வருகிறவருக்கு. பல் டாக்டருக்குப் படம் எடுக்க ஆரம்பித்தால் காற்றுமானியைப் பார்க்கும் பழக்கமே கிடையாது. நான்தான் அவன் தோளைத் தட்டி, போதும், மேலே போகலாம் என்று கட்டைவிரலைக் காட்டுவேன். ஆறு வருடமாக அப்படித்தான். "எனக்கு எதுக்குடா மானி, நீ இருக்கியே" என்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல்முறை இறங்கி ஏறி, படகில் ஓய்வெடுத்தோம். மறுபடி இறங்குவதற்குள் எங்கள் இருவருடைய காற்று சிலிண்டரையும் படகுக்காரர் மாற்ற வேண்டும். என்னுடையதை மாற்றினார். அதற்குள் எஞ்சினில் ஏதோ சத்தம் வந்தது, அதைப் பார்க்கப் போனார், திரும்பி வந்தவர் இரண்டும் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். நான் எதிரில் உட்கார்ந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சரிபார்த்தோம். அவன் மானியைக் கையில் எடுத்தேன். இருநூறு காட்ட வேண்டிய முள் எழுபதில் நின்றது.

"எல்லாம் ஓகேவாடா?" என்றான். கேமராக் கூட்டின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையமாகக் காட்டினேன். சரி என்பதற்கு எங்கள் சைகை. வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயால் நான் பொய் சொல்வதில்லை.

இருபது மீட்டர் ஆழத்தில் கால் மணி நேரம் போயிருக்கும். அவன் ஒரு பாறைக்கு அடியில் தலையை விட்டு எதையோ நெம்பிக்கொண்டிருந்தான். நான் மூன்று மீட்டர் தள்ளி இருந்தேன். திடீரென்று கம்பியைக் கீழே போட்டான். அவன் கம்பியைக் கீழே போட்டு நான் பார்த்தது அதுதான் முதல்முறை. திரும்பி என்னைப் பார்த்தான். உள்ளங்கையைத் தட்டையாக வைத்துத் தொண்டைக்குக் குறுக்கே இழுத்தான். காற்று இல்லை என்று பொருள்.

அவன் ஏன் நேராக மேலே போகவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். காற்று தீர்ந்தால் முதலில் நண்பனிடம் போ என்றுதான் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். பள்ளியிலிருந்தே அவன் சொன்னதைக் கேட்டுப் படிக்கிற பையன்.

அன்றைக்கு என் கேமராவில் இருந்தது சின்ன உயிரினங்களை எடுக்கும் லென்ஸ். அதில் ஒரு மனித முகம் முழுதாக வர வேண்டுமென்றால் ஒரு மீட்டராவது இடைவெளி வேண்டும். அவன் என் நெஞ்சில் தொங்கிய மஞ்சள் குழாயைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டு வந்தான். வரவர நான் பின்னால் போனேன். வேறு காரணம் எதுவும் இல்லை. ஏழு படங்கள். முதலாவதற்கும் ஏழாவதற்கும் நடுவில் ஐம்பத்தைந்து நொடிகள். கேமராவே நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறது, நீங்களும் பார்த்தீர்கள். ஆறாவதில் கை மறுபடி தொண்டைக்குக் குறுக்கே இருக்கிறது, அவன் முகம் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது. அவ்வளவு தெளிவான முகத்தை எந்த மீனும் எனக்குக் காட்டியதில்லை.

அவன் அசைவு நின்ற பிறகு மேலே கொண்டுவந்தது நான்தான். படகில் நெஞ்சை அழுத்தியதும் நான்தான். கரையில் எல்லோரும் என் தோளைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். படகுக்காரர் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, "மாத்திட்டேன்னுதானே நெனச்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் உள்ளே போய் இன்றோடு பத்தொன்பது நாள். ஜாமீன் மனுவுக்கு அவர் மனைவி எங்கள் கடையில்தான் நகல் எடுத்தார்.

"அவரு அப்படி மறக்கற ஆளே இல்ல தம்பி. நீங்க கூட இருந்தீங்களே, சொல்லுங்க" என்றார்.

"மறந்தது உண்மைதாங்க" என்றேன். நாற்பது பக்கம் எடுத்துக் கொடுத்தேன். ஒரு பக்கம்கூடக் கோணலாக வரவில்லை. கூட இருந்தவன் என்ன செய்தான் என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கும்வரை யாருமே கேட்கவில்லை. படகுக்காரரை நீங்கள் விட்டுவிடலாம். அவர் செய்தது வெறும் மறதி. நான் பார்த்தேன்.

கடைசியாக, மேஜை மேல் நீங்கள் வைத்திருக்கும் இந்த இரண்டு படங்கள். ஒன்று, நானே உங்களிடம் கொடுத்த மெமரி கார்டில் இருந்தது. இன்னொன்று, தங்கச்சி வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது. இரண்டும் ஒரே படமா என்று கேட்கிறீர்கள். ஆமாம், ஆறாவது படம்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் தங்கச்சி கடைக்கு வந்தாள். படி ஏறியதில் மூச்சு வாங்கியது. "அண்ணா, அன்னிக்கு உள்ள எடுத்த படம் ஏதாவது இருக்கா? அவர் சந்தோஷமா இருக்கற மாதிரி? கடைசியா அவருக்குப் பிடிச்ச எடத்துலதான் இருந்தார்னு நான் பார்த்துக்கணும்."

இருக்கிறது, நாளைக்கு வா என்றேன். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். வெகுநாள் கழித்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். முதலில் தொண்டைக்குக் குறுக்கே இருந்த கையை எடுத்தேன். அந்த இடத்தில் நீலத்தை நிரப்பினேன். கண்கள் அளவுக்கு மீறித் திறந்திருந்தன, இமைகளைக் கொஞ்சம் இறக்கினேன். நெற்றிச் சுருக்கத்தைத் துடைத்தேன். அப்படியும் ஏதோ குறைந்தது. அரை மணி நேரம் பார்த்த பிறகுதான் புரிந்தது. தண்ணீருக்குள் ஒருவன் நன்றாக இருந்தால் வாயிலிருந்து குமிழிகள் மேலே போக வேண்டும். இதில் ஒன்றுகூட இல்லை. அதே நாள் எடுத்த வேறொரு படத்தில் என் மூச்சுக் குமிழிகள் விழுந்திருந்தன. அதிலிருந்து பதினான்கு குமிழிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவன் வாயருகே வைத்தேன்.

அவை இல்லாமல் படம் பொய்யாகத் தெரிந்தது, மேடம்.